140 டேப் திறந்து வைத்திருப்பவருக்கு: தேடுவது, மூடுவது, மீட்பது

கேள்வி இதுதான்: வேளச்சேரியில் வீட்டிலிருந்தே வேலை. விண்டோஸ் லேப்டாப், 8 ஜிபி ராம், க்ரோம். நான்கு விண்டோவில் மொத்தம் 140 டேப். ஆபீஸ் வேலை, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் மனை பார்க்கும் அலைச்சல், மகளின் இன்ஜினியரிங் கவுன்சலிங், எல்லாம் கலந்து கிடக்கிறது. போன வாரம் திறந்த பக்கம் இந்த வாரம் கண்ணில் படுவதில்லை. லேப்டாப் திணறுகிறது. மூடினால் போய்விடுமோ என்று மூடவும் மனம் வரவில்லை. இதற்கு நல்ல எக்ஸ்டென்ஷன் எது?

எக்ஸ்டென்ஷனைக் கடைசியில் பார்ப்போம். மனம் வராமல் போவதற்குக் காரணத்தை நீங்களே சொல்லிவிட்டீர்கள்: மூடினால் திரும்பக் கிடைக்காது என்ற பயம். தேடி எடுக்கக் கை பழகிவிட்டால் அந்தப் பயம் பாதி குறையும். மூடியதையும் மீட்கத் தெரிந்தால் மீதியும் போய்விடும். எண்ணிக்கையைக் குறைப்பதெல்லாம் அதற்குப் பிறகு தானாக நடக்கும். அதனால் தேடலிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

ஒரு சின்னக் கணக்கு. சாதாரண லேப்டாப் திரையின் அகலம் 1366 பிக்சல். ஒரு விண்டோவில் 35 டேப் என்றால் ஒன்றுக்குக் கிடைப்பது 39 பிக்சல். அதில் தளத்தின் ஐகான் 16 பிக்சல், ஓர இடைவெளி கொஞ்சம். தலைப்புக்கு மிஞ்சுவது ஓர் எழுத்து, தமிழ் எழுத்தாக இருந்தால் அதுவும் பாதி. 15 கூகுள் ஷீட் திறந்திருந்தால் வரிசையாக 15 பச்சைக் கட்டம்தான் தெரியும். இதில் கண்ணால் தேடுவது வீண். எழுத்தால்தான் தேட வேண்டும்.

க்ரோமில் கன்ட்ரோல் + ஷிஃப்ட் + ஏ அழுத்துங்கள். எல்லா விண்டோவிலும் உள்ள டேப்புகள் ஒரே பட்டியலாக வரும். கடைசியாகப் பார்த்தவை மேலே, சமீபத்தில் மூடியவை கீழே. இரண்டு மூன்று எழுத்து அடித்தாலே பட்டியல் சுருங்கும். அம்புக்குறியால் இறங்கி என்டர் தட்டினால் அந்த விண்டோவே முன்னால் வந்து நிற்கும். ஒவ்வொரு வரியின் ஓரத்திலும் ஒரு பெருக்கல் குறி உண்டு, டேப்புக்குள் போகாமலேயே மூடலாம். எட்ஜிலும் இதே விசைகள்தான். மேக்கில் கன்ட்ரோலுக்குப் பதில் கமாண்ட். ஃபயர்ஃபாக்ஸில் மட்டும் இதே மூன்று விசையும் ஆட்-ஆன் பக்கத்தைத் திறந்துவிடும். அங்கே முகவரிப் பட்டையில் சதவீதக் குறி, ஓர் இடைவெளி, பிறகு தேடும் சொல்.

இந்தத் தேடல் எதைப் பார்க்கிறது என்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். பக்கத்தின் தலைப்பையும் தளத்தின் பெயரையும்தான் பார்க்கும். பக்கத்துக்குள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காது. மனையின் சர்வே எண்ணை அடித்தால் எதுவும் வராமல் போவது அதனால்தான். பத்திரப்பதிவுத் துறைத் தளத்தைத் தேடுகிறீர்களா? 'வில்லங்கம்' என்று அடிப்பதை விட, முகவரியில் வரும் டிஎன்ரெஜி என்ற துண்டை ஆங்கில எழுத்தில் அடிப்பது நிச்சயமான வழி. அரசுத் தளங்களில் பத்துப் பக்கத்துக்கும் ஒரே தலைப்பு இருப்பது சகஜம், தளப் பெயர் மட்டும் மாறாது.

தமிழில் தேடும்போது இன்னும் சில பள்ளங்கள் உண்டு. உங்கள் ஸ்ரீபெரும்புதூரையே எடுத்துக்கொள்ளுங்கள். கம்ப்யூட்டர் எழுத்துகளுக்கான பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடில் 'ஸ்ரீ' என்பதை இரண்டு விதமாக எழுதலாம்: ஸ என்ற எழுத்தில் தொடங்கி ஒன்று, ஶ என்ற எழுத்தில் தொடங்கி இன்னொன்று. திரையில் இரண்டும் ஒரே மாதிரி தெரியும். கம்ப்யூட்டருக்கு அவை வேறு வேறு. உங்கள் கீபோர்டு ஒரு விதமாக அடித்து, அந்தத் தளத்தின் தலைப்பு இன்னொரு விதமாக இருந்தால், கண்ணெதிரே இருக்கும் டேப்கூடத் தேடலில் வராது. 'பெரும்புதூர்' என்று மட்டும் அடியுங்கள், தொல்லை விட்டது. ஆங்கிலத் தலைப்பிலும் இதே கதைதான். 'தூர்' என்பதை ஒருவர் டி போட்டு எழுதுவார், இன்னொருவர் டிஎச் போட்டு எழுதுவார். 'பெரும்' வரை அடித்து நிறுத்திவிடுவது நல்லது. யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் செய்த பழைய தளம் என்றால் தலைப்பே கிறுக்கலாக இருக்கும். அங்கே தளப் பெயர் ஒன்றுதான் வழி.

பிடிஎஃப் இன்னும் மோசம். பல அரசாணைகளும் சுற்றறிக்கைகளும் வேர்டில் தயாரித்து அப்படியே பிடிஎஃப் ஆக்கியவை. டேப்பின் தலைப்பில் 'மைக்ரோசாஃப்ட் வேர்டு' என்றோ வெறும் எண்களோ நிற்கும். அவற்றைத் திறந்தே வைத்திருப்பதில் பயனில்லை. தரவிறக்கி, 'வில்லங்கம் – சர்வே எண் – தேதி' என்று உங்கள் சொல்லில் பெயர் வைத்து மூடிவிடுங்கள்.

முகவரிப் பட்டையிலிருந்தும் தேடலாம். க்ரோமில் அட் குறி போட்டு ஆங்கிலத்தில் 'டேப்ஸ்' என்று அடித்து, கீபோர்டில் உள்ள டேப் விசையைத் தட்டினால் திறந்த டேப்புகளுக்குள் மட்டும் தேடும். அதே மாதிரி 'புக்மார்க்ஸ்', 'ஹிஸ்டரி'. 2022 டிசம்பரில் வந்த வசதி, இன்னும் பலருக்குத் தெரியாது. இன்னொன்று: ஏற்கெனவே திறந்திருக்கும் பக்கத்தின் பெயரைப் பட்டையில் அடித்தால் 'ஸ்விட்ச் டு திஸ் டேப்' என்று ஒரு பொத்தான் காட்டும். அதைக் கவனிக்காமல் என்டர் தட்டித்தான் ஒரே பக்கத்தை நான்கு முறை திறந்து வைக்கிறோம். உங்கள் 140-லும் இரட்டை, மூவர் நிறைய இருக்கும். டேப் தேடலில் ஒரு தளப் பெயரை அடித்துப் பாருங்கள், வரிசையாக வந்து நிற்கும். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை அங்கேயே மூடலாம்.

இனி மூடியதை மீட்பது. கன்ட்ரோல் + ஷிஃப்ட் + டி, 'டேப்' என்ற சொல்லின் டி. ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் கடைசியாக மூடியது ஒன்று திரும்பும். விண்டோவையே மூடியிருந்தால் விண்டோ முழுவதும் அத்தனை டேப்போடு வரும். அதற்கும் முந்தையது என்றால் கன்ட்ரோல் + எச் அழுத்தி ஹிஸ்டரியில் தேடுங்கள். க்ரோம் தன் கம்ப்யூட்டர் ஹிஸ்டரியை 90 நாள் வைத்திருக்கும், அதற்கு மேல் அழித்துவிடும். போன வாரம் பார்த்த பக்கத்துக்கு 90 நாள் தாராளம். ஏப்ரலில் பார்த்த கல்லூரிக் கட்டண விவரம் ஆகஸ்டில் வேண்டும் என்றால் அது புக்மார்க்கில் இருந்தாக வேண்டும். ஹிஸ்டரி பதியாத இன்காக்னிட்டோ விண்டோவில் திறந்தது இந்தக் கணக்கிலேயே வராது.

மொத்தமாகப் பறிகொடுப்பது எப்படி நடக்கிறது என்பதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் பயத்தின் வேர் இங்கேதான். முதலில் செட்டிங்ஸில் 'ஆன் ஸ்டார்ட்அப்' பகுதிக்குப் போய் 'கன்டின்யூ வேர் யூ லெஃப்ட் ஆஃப்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். இதைச் செய்த பிறகும் சிலருக்கு மறுநாள் ஒரு விண்டோதான் வருகிறது. காரணம், நான்கு விண்டோவையும் ஒவ்வொன்றாகப் பெருக்கல் குறி தட்டி மூடுகிறார்கள். க்ரோமைப் பொறுத்தவரை முதல் மூன்றும் நீங்கள் வேண்டாம் என்று மூடியவை, கடைசியாக மூடியதுதான் விட்ட இடம். அந்தக் கடைசி விண்டோ ஏதோ ஒரு சின்ன பாப்-அப்பாக இருந்துவிட்டால் காலையில் அது மட்டும் வந்து நிற்கும். மூன்று புள்ளி மெனுவின் அடியில் உள்ள 'எக்ஸிட்' மூலம் வெளியேறினால் எல்லா விண்டோவும் சேர்ந்து மூடும், சேர்ந்து திரும்பும். தவறி ஒவ்வொன்றாக மூடிவிட்டாலும், மறுநாள் வேறெதையும் தொடுவதற்கு முன் ஹிஸ்டரி மெனுவைத் திறந்தால் சமீபத்தில் மூடியவற்றில் '35 டேப்ஸ்' என்பது போல ஒரு வரி இருக்கும். அதைத் தட்டினால் போதும்.

கரன்ட் போய் மெஷின் அணைந்தால் நிலைமை வேறு. மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை 9 முதல் 2 வரை மின்தடை அறிவிக்கும் நாளில் லேப்டாப்புக்குப் பிரச்சினையில்லை, யூபிஎஸ் இல்லாத டெஸ்க்டாப்புக்குத்தான். மறுபடி திறக்கும்போது 'ரீஸ்டோர் பேஜஸ்' என்று ஒரு சின்னப் பெட்டி மேல் மூலையில் வரும். அவசரத்தில் அதை மூடிவிடாதீர்கள். மூடிவிட்டால் உடனே கன்ட்ரோல் + ஷிஃப்ட் + டி. அதுவும் பலிக்கவில்லையா? க்ரோமை மூடிவிட்டு, உங்கள் பயனர் கோப்புறைக்குள் ஆப்டேட்டா, லோக்கல், கூகுள், க்ரோம், யூசர் டேட்டா, டிஃபால்ட், செஷன்ஸ் என்று வரிசையாக இறங்குங்கள். 'செஷன்', 'டேப்ஸ்' என்று தொடங்கி நீண்ட எண்ணோடு முடியும் கோப்புகள் அங்கே இருக்கும். அவற்றை வேறிடத்தில் நகலெடுத்து வைத்துவிட்டுப் பிறகு முயலுங்கள். க்ரோமை மறுபடி மறுபடி திறந்து மூடினால் பழைய கோப்புகள் போய்ப் புதியவை வந்து உட்கார்ந்துவிடும், அப்புறம் யாராலும் மீட்க முடியாது. ஃபயர்ஃபாக்ஸில் இவ்வளவு பாடில்லை. ஹிஸ்டரி மெனுவில் 'ரீஸ்டோர் ப்ரீவியஸ் செஷன்' என்று நேராகவே இருக்கிறது.

அடுத்தது திணறல். 2018-ல் ஸ்பெக்டர் என்ற சிப் பாதுகாப்புக் கோளாறு வெளியான பிறகு, க்ரோம் ஒவ்வொரு தளத்தையும் தனித்தனிச் செயல்முறையாக, அதாவது மெமரியில் தனியாக ஓடும் நிரலாக, பிரித்து வைக்கத் தொடங்கியது. ஒரு செய்தித் தளத்தைத் திறந்தால் அதற்குள் வரும் விளம்பரம், வீடியோ ஒவ்வொன்றும் வேறு தளத்திலிருந்து வருவதால் அவையும் தனிச் செயல்முறை கேட்கும். பாதுகாப்புக்கு நல்லது, ராமுக்குச் செலவு. எது தின்கிறது என்று ஊகிக்க வேண்டாம். க்ரோமுக்குள் இருக்கும்போது ஷிஃப்ட் + எஸ்கேப் அழுத்துங்கள். க்ரோமுக்கென்றே உள்ள டாஸ்க் மேனேஜர் வரும். 'மெமரி ஃபுட்பிரின்ட்' தலைப்பைத் தட்டி வரிசைப்படுத்துங்கள். பெரும்பாலும் மேலே நிற்பவை மெயில், வாட்ஸ்அப் வெப், பெரிய ஷீட்டுகள், விளம்பரம் மண்டிய செய்தித் தளங்கள். இந்த ஐந்தாறு டேப்பைக் கவனித்தாலே திணறல் பெருமளவு குறையும். மற்ற நூற்றுச் சொச்சத்தையும் மூடினால்தான் ஆச்சு என்றில்லை.

மற்றவற்றைத் தூங்க வைக்கலாம். செட்டிங்ஸில் 'பெர்ஃபார்மன்ஸ்' பகுதியில் 'மெமரி சேவர்' இருக்கிறது, இயக்கி 'பேலன்ஸ்டு' என்று வையுங்கள். கொஞ்ச நேரம் தொடாத டேப்பை க்ரோம் ராமிலிருந்து இறக்கிவிடும். தலைப்பும் ஐகானும் இடத்திலேயே இருக்கும், தேடலிலும் வரும், தொட்டதும் பக்கம் மறுபடி ஏறும். பாட்டு ஓடும் டேப், பின் பண்ணிய (இடது ஓரத்தில் நிலையாக நிறுத்திய) டேப், பாதி நிரப்பிய படிவம் உள்ள டேப் ஆகியவற்றை அது பொதுவாக விட்டுவிடும். ஆபீஸ் சாட் போல எப்போதும் விழித்திருக்க வேண்டியதை அதே பக்கத்தில் உள்ள 'ஆல்வேஸ் கீப் தீஸ் சைட்ஸ் ஆக்டிவ்' பட்டியலில் சேருங்கள். சேர்க்காமல் விட்டுவிட்டு மெசேஜ் வரவில்லை என்று நெட்வொர்க்கைத் திட்டுபவர்கள் உண்டு.

ராம் கூட்டுவதும் ஒரு வழிதான். கம்ப்யூட்டர் பாகங்கள் விற்கும் ரிச்சி தெருவுக்குக் கிளம்பும் முன் விண்டோஸ் டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ், மெமரி என்று பாருங்கள். 'ஸ்லாட்ஸ் யூஸ்டு' வரியில் '1 ஆஃப் 2' என்று இருந்தால் இன்னொரு 8 ஜிபி போட இடமிருக்க வாய்ப்புண்டு. மெல்லிய லேப்டாப்புகள் பலவற்றில் ராம் போர்டோடு பற்றவைத்திருக்கும், அவற்றில் கடைக்காரர் ஒன்றும் செய்ய முடியாது.

லாகின் தேவைப்படும் தளங்களைத் தனியாகச் சொல்ல வேண்டும். ரயில் டிக்கெட், கவுன்சலிங், நெட் பேங்கிங், பத்திரப்பதிவு எதுவாக இருந்தாலும், டேப் திறந்திருக்கிறது என்பதற்காக லாகின் உயிரோடு இருப்பதில்லை. சர்வர் தன் பக்கம் நேரம் எண்ணிக்கொண்டிருக்கிறது. தட்கலுக்கு முந்தைய இரவே லாகின் பண்ணி வைத்த டேப் காலை 10 மணிக்கு உதவாது, பழைய டேப் என்று தெரியாமல் அழுத்தி 'செஷன் எக்ஸ்பயர்டு' வாங்கும் நேரத்தில் சீட் போய்விடும். இப்படிப்பட்ட டேப்புகளை வேலை முடிந்த கையோடு மூடுங்கள், முதல் பக்கத்தை மட்டும் புக்மார்க் பண்ணுங்கள். ஒரே லாகினை இரண்டு டேப்பில் திறக்கவும் வேண்டாம். இரண்டுக்கும் குக்கி (லாகினை நினைவில் வைக்கும் சின்னக் குறிப்பு) ஒன்றுதான், ஒன்றில் லாக்அவுட் செய்தால் மற்றதும் வெளியே வந்துவிடும். மகள் கவுன்சலிங்கில் கல்லூரி விருப்பங்களை வரிசைப்படுத்தும் சாய்ஸ் ஃபில்லிங் சமயத்தில் இது நடந்தால் வீடே இரண்டாகும்.

இப்போது 140-ஐப் பிரிக்கலாம், முக்கால் மணி நேர வேலை. ஆபீஸுக்கும் வீட்டுக்கும் க்ரோமில் தனித்தனி ப்ரொஃபைல் வையுங்கள். புக்மார்க், ஹிஸ்டரி, லாகின் மூன்றும் பிரிந்துவிடும், டேப் தேடலும் அந்தந்த ப்ரொஃபைலுக்குள் மட்டும் பார்க்கும். அப்புறம் வேலைக்கு ஒரு விண்டோ. கன்ட்ரோலைப் பிடித்துக்கொண்டு மனை தொடர்பான டேப்புகளை ஒவ்வொன்றாகத் தட்டித் தேர்ந்தெடுத்து, ரைட் கிளிக் செய்து புது விண்டோவுக்கு நகர்த்துங்கள். மூன்று புள்ளி மெனு, 'மோர் டூல்ஸ்', 'நேம் விண்டோ' என்று போய் 'மனை' என்று பெயர் வையுங்கள். ஆல்ட் + டேப் அடிக்கும்போது அந்தப் பெயர் தெரியும். இது யாரும் பேசாத வசதி, நான்கு விண்டோ வைத்திருப்பவருக்கு இதை விட உபயோகமானது கிடையாது.

டேப் க்ரூப் (சில டேப்புகளை ஒரே பெயரில் தொகுப்பது) வேண்டுமானால் விண்டோவுக்குள் இரண்டு மூன்று போதும். ரைட் கிளிக் மெனுவில் ஒன்றை மட்டும் கவனியுங்கள்: 'க்ளோஸ் க்ரூப்' என்றால் சேமித்த க்ரூப் புக்மார்க் பட்டையில் பத்திரமாக இருக்கும், 'டெலீட் க்ரூப்' என்றால் போச்சு. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பது விபத்துக்கென்றே வைத்த மாதிரி.

பிரித்த பிறகும் 'என்றாவது படிப்பேன்' வகை ஐம்பது அறுபது மிஞ்சும். அவற்றை ஒரு விண்டோவில் குவித்து கன்ட்ரோல் + ஷிஃப்ட் + டி அழுத்துங்கள், இந்த முறை 'டெல்லி'யின் டி. தமிழில் இரண்டும் ஒன்றாகத் தெரிவது நம் தலையெழுத்து. விண்டோவில் உள்ளவை அனைத்தும் ஒரே புக்மார்க் ஃபோல்டராகும், அந்த மாதத்தின் பெயரை அதற்கு வைத்துவிட்டு விண்டோவை மூடலாம். உண்மையிலேயே முக்கியமான பத்துக்கு மட்டும் புக்மார்க்கின் பெயரைத் திருத்துங்கள். தளம் வைத்த தலைப்பை அழித்துவிட்டு, அடுத்த மாதம் நீங்கள் என்ன சொல்லைத் தேடுவீர்களோ அதை எழுதுங்கள்: 'மனை வழிகாட்டி மதிப்பு', 'கட்டணம் அண்ணா பல்கலை'. முகவரிப் பட்டையில் 'மனை' என்று அடித்ததும் வந்து நிற்கும்.

நாள் முழுக்கத் தேவைப்படும் நான்கைந்தைப் பின் பண்ணுங்கள். அவை இடது ஓரத்தில் நிற்பதால் கன்ட்ரோல் + 1, கன்ட்ரோல் + 2 என்று நேராகப் போகலாம். 8 வரை இப்படி, 9 என்றால் கடைசி டேப்.

இத்தனைக்குப் பிறகும் பக்கவாட்டில் முழுத் தலைப்போடு பட்டியல் வேண்டும் என்றால் எட்ஜ் நல்லது. கன்ட்ரோல் + ஷிஃப்ட் + கமா அடித்தால் டேப்புகள் இடப்பக்கம் செங்குத்தாக நிற்கும். ஃபயர்ஃபாக்ஸிலும் 2025 மார்ச்சிலிருந்து இருக்கிறது.

எக்ஸ்டென்ஷன் கேட்டீர்கள். ஒன்டேப் நன்றாகத்தான் இருக்கிறது, ஒரே தட்டில் எல்லாவற்றையும் லிங்க் பட்டியலாக்கிவிடும். ஆனால் பட்டியல் உங்கள் மெஷினில்தான் இருக்கும். எக்ஸ்டென்ஷனை நீக்கினால் பட்டியலும் நீங்கும். வாரம் ஒரு முறை எக்ஸ்போர்ட் செய்து வைக்காதவர் நிறுவ வேண்டாம். தெரியாத எக்ஸ்டென்ஷன் என்றால் இரண்டு முறை யோசியுங்கள். டேப்பைத் தூங்க வைக்கும் தி கிரேட் சஸ்பெண்டர் என்ற புகழ்பெற்ற எக்ஸ்டென்ஷன் 2020-ல் கை மாறியது. தீங்கான நிரல் இருப்பதாகச் சொல்லி 2021 பிப்ரவரியில் கூகுள் அதை முடக்கியபோது தூங்கிக்கொண்டிருந்த டேப்புகள் அத்தனையும் திறக்காமல் போயின. அவற்றின் முகவரியின் வாலில் அசல் முகவரி ஒட்டிக்கொண்டிருந்ததால், விஷயம் தெரிந்தவர்கள் வெட்டி எடுத்துப் பிழைத்தார்கள். 'எல்லாத் தளங்களிலும் உங்கள் தரவைப் படிக்கவும் மாற்றவும்' அனுமதி கேட்கும் எதுவும் உங்கள் வங்கிப் பக்கத்தையும் படிக்க முடியும் என்பதை நினைவில் வையுங்கள்.

போனிலும் இதே குவியல் இருக்கும், நீங்கள் சொல்லாவிட்டாலும். ஆண்ட்ராய்டு க்ரோமில் 99-ஐத் தாண்டியதும் எண்ணுக்குப் பதில் ஒரு சிரிக்கும் முகக்குறி வந்துவிடும். நீண்ட நாள் தொடாத டேப்புகளை அது 'இன்ஆக்டிவ்' என்று ஓரமாக ஒதுக்கும், வழக்கமாக 21 நாள். ஐபோன் சஃபாரியில் ஒரே நேரத்தில் 500 டேப்தான் எல்லை. செட்டிங்ஸில் சஃபாரி பகுதியில் 'க்ளோஸ் டேப்ஸ்' என்பதை 'ஆஃப்டர் ஒன் மன்த்' என்று வையுங்கள். ஒரு நாள், ஒரு வாரம் என்றும் தேர்வு உண்டு, ஆனால் ஒரு வாரம் வைத்தால் கவுன்சலிங் ரவுண்டு முடிவதற்குள் நீங்கள் ஒப்பிட்டு வைத்த கல்லூரிப் பக்கங்கள் காணாமல் போயிருக்கும்.